மூத்தவளுக்கு மாற்றிய ஆயில்

எங்கள் மெக்கானிக் ஷெட் பலகையில் என் பேரையும் எழுதுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன், சார். ஆரம்பம் அவ்வளவுதான். உலகத்தில் யார் யாரோ எதை எதையோ கேட்கிறார்கள். நான் கொஞ்சம் பெயின்டில் ஒரு வரி கேட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அது கேட்கக் கூடாத ஒன்று. "வேற என்ன வேணாலும் அப்பாகிட்ட கேளு. பலகைப் பேச்ச மட்டும் எடுக்காத. மனசு வந்தா அவரே எழுதுவாரு" என்று தட்டில் சோறு போடும்போதெல்லாம் அம்மா சொல்லிவந்தாள். நானும் மனசு வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேட்டுவிட்டேன்.

நின்றுகொண்டே பேசுகிறேனே. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது, மேசையும் சேர்ந்து ஆடுகிறது, நீங்கள் எழுதுவது கோணிப் போகிறது. பேனாவை மூட வேண்டாம். அப்பா கொடுத்த வாக்குமூலத்தை நேற்று படித்துக் காட்டினீர்கள். 'பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றியது நான்தான், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அவர் அன்றைக்கு ஸ்பேனரையே தொடவில்லை. ஆயிலை மாற்றியது நான். விவரம் தெரிந்துதான் மாற்றினேன். அதைத் திருத்தி எழுதத்தான் வந்தேன். செய்த வேலையை வேறொருவர் பேரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. போதும் போதும் என்கிற அளவுக்கு அதைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் இஞ்சின் படிப்பு. வகுப்பில் பெண்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பட்டத்தைச் சட்டம் போட்டு, ஷெட்டில் பழைய டயர்களுக்கு மேலே அப்பா மாட்டிவைத்தார். வண்டி விட வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "என் பொண்ணு இஞ்சினியரு" என்பார். அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "சாருக்கு டீ சொல்லுமா" என்பார். பில் போடுவது, போன் எடுப்பது, டீ சொல்வது. இதற்கு நாலு வருடம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு போல்ட் கழலாமல் தம்பி திணறும்போது மட்டும், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குரல் வரும். போய்க் கழற்றிக் கொடுப்பேன். வெளியே வந்து அவன் கையைத் துடைத்துக்கொள்வான்.

தம்பியைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டேன். சிரித்த முகம். படிப்பு வரவில்லை, அது ஒரு குற்றம் இல்லை. வேலையும் வரவில்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, காலேஜ்ல ஸ்பேனர் புடிக்க சொல்லித் தந்தாங்களா, இல்ல ஸ்பேனர் படம் வரைய சொல்லித் தந்தாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஒருதடவை ஒருவர் வந்து, "ஏம்மா, உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். "இருக்கான் சார். உங்க வண்டிய இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே அவன்தான்" என்றேன். அப்பா அன்று டீ சொல்லக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

அவன் ஷெட்டுக்கு வந்த முதல் மாதமே பெயின்டர் ஏணியோடு வந்து, அப்பா பேருக்குக் கீழே அவன் பேரை எழுதிவிட்டுப் போனார். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

நான் கேட்டபோது அப்பா கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு பேரிங்கைத் துடைத்துக்கொண்டே, "பொம்பளைப் பேரு போட்டா வண்டி வராதும்மா. வந்தாலும் வேடிக்கை பாக்கத்தான் வரும்" என்றார். தம்பி பக்கத்தில் நின்று, "அக்கா பேர கீழ சின்னதா போடலாம்பா. டீ கிடைக்கும்னு" என்றான். இருவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நியாயமாக இருக்கட்டும்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். அப்பா முதன்முதலில் வாங்கிய வெள்ளைக் கார் அது. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. "இவதான் மூத்தவ, நீ இளையவ" என்று என்னிடம் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் அவள் மூத்தவள்தான். விற்க மாட்டார், பிறத்தியார் கையில் கொடுக்க மாட்டார். வருடக்கணக்காக ஒரே கெட்டியான சாதா ஆயில். ஆயில் குறைந்தால் மேலே ஊற்றுவார். கருத்துவிட்டால் இறக்கிவிட்டு அதே சாதா ஆயிலைப் புதிதாக ஊற்றுவார். இஞ்சினைத் திறந்து கழுவியதே கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு இஞ்சினுக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் நான் செய்தது புரியாது. சாதா ஆயில் சூட்டில் கருகும். கருகியது படியும். மேல்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தார் ரோடு போட்ட மாதிரி இருக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கியிருக்கும், ஆனாலும் ஒழுகாது. அந்தக் கறுப்புப் பசைதான் இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். அப்பா இதை வாடிக்கையாளர்களிடம் தமாஷாகச் சொல்வார். "அழுக்குதான் சார் இவளுக்கு உள்பாவாடை. அவுத்துட்டா மானம் போயிடும்."

நான் ஊற்றிய சிந்தெடிக் ஆயில் வேறு ஜாதி. மெல்லிசு, சூட்டைத் தாங்கும், போகிற இடத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்து, சீல்களைப் புதிதாகப் போட்டுவிட்டு ஊற்றினால், பழைய இஞ்சினுக்கு அதைவிட நல்லது வேறில்லை. அப்பா ஊரெல்லாம் போய் அந்த ஆயில்தான் கொன்றது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆயில் மேல் எந்தத் தப்பும் இல்லை. தயவுசெய்து அதைத் தெளிவாக எழுதுங்கள். சுத்தம் செய்யாமல் ஊற்றினால், கழன்ற பசையெல்லாம் கட்டி கட்டியாக அடியில் இறங்கி அந்தச் சல்லடையை மூடும். மூடினால் ஆயில் மேலே ஏறாது. ஏறாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி இஞ்சின் இறுகிக்கொள்ளும். எல்லா வண்டிக்கும் இப்படி ஆகாது. மூத்தவள் மாதிரி வண்டிக்கு ஆகும்.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தது நான். "புது வண்டிக்கெல்லாம் இப்ப சிந்தெடிக்தான் ஊத்தறாங்க. மூத்தவளுக்கு அதெல்லாம் ஒத்துக்காது" என்றேன். ஒத்துக்காது என்று நான் சொன்னால் தம்பிக்கு ஒத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மறுநாளே பளபளப்பான கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம்டா. அவ வயசுக்கு இது தாங்காது."

"காலம் எங்கயோ போயிடுச்சுப்பா. நீங்க இன்னும் கெட்டி ஆயில கட்டிக்கிட்டு அழறீங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? படிச்சவ, சொல்லு."

சார், ஒரு வேலையைப் பற்றி அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். "நல்ல ஆயில்தான்பா" என்றேன். அது பொய் இல்லை.

"சம்ப்பக் கழட்டிடலாமா?" என்று தம்பியிடம் கேட்கவும் செய்தேன். "அதுக்கு இஞ்சினையே தூக்கணும். யாருக்கு நேரம் இருக்கு? அடி நட்டக் கழட்டி ஆயில இறக்கிட்டு ஊத்துக்கா" என்றான். சரி என்றேன். நான் கேட்டேன், அவன் வேண்டாமென்றான், அப்பா பக்கத்தில் இருந்தார். ரொம்ப நாள் இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். ஆனால் யாரும் கேட்காமல் நானாகச் செய்தது ஒன்று உண்டு. பழைய ஆயிலை இறக்குவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் பசையை இளக்குகிற திரவம் ஒரு டப்பா ஊற்றி இஞ்சினை ஓடவிட்டேன். டப்பாவில் போட்டிருப்பதைவிட அதிக நேரம் ஓடவிட்டேன். பிறகு இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினேன். தேன் மாதிரி இருந்தது.

முதலில் இஞ்சின் அருமையாக ஓடியது. சத்தம் குறைந்தது, இழுவை கூடியது. "பாத்தீங்களாப்பா" என்று தம்பி தெருவெல்லாம் ஓட்டிக் காட்டினான். கொஞ்ச நாளில் தரையில் சொட்டு விழ ஆரம்பித்தது. பின்பக்க சீல். அப்பா அட்டையை விரித்து வைத்து, சொட்டைப் பார்த்து, "சொன்னேன்ல, மானம் போச்சு" என்று முனகினார். நான் துடைத்தேன், குறைந்ததை ஊற்றினேன். எந்நேரமும் துணியோடு அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து வந்து பானெட்டைத் தூக்கிப் பார்ப்பேன். "பேய் புடிச்ச மாதிரி அலையறியே" என்று அம்மா திட்டினாள்.

அதற்கப்புறம் விளக்கு. ஓட்டுகிறவருக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு இருக்கும், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும். சும்மா நிற்கும்போது அது சிமிட்ட ஆரம்பித்தது.

"அக்கா, இந்த லைட்டு கண்ணடிக்குது பாரு" என்றான் தம்பி.

"உன்னையா, என்னையா?"

"என்னைத்தான். எனக்குத்தான மூஞ்சி இருக்கு."

"ஒயர் லூசா இருக்கும். நான் பாக்கறேன், நீ போய்ச் சாப்பிடு."

பார்த்தேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. சல்லடை மூட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சின்ன பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து, "சரியாயிடுச்சா?" என்றான். "இனிமே தொந்தரவு பண்ணாது" என்றேன். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருதரம் எரிந்து அணைய வேண்டும், சார். எரியவில்லை என்றால் வண்டியை எடுக்கக் கூடாது. ஷெட் வைத்திருக்கிற எவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம். பலகையில் பேர் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ஒரு சின்னப் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தினமும் சாவியைத் திருப்பினான். ஒருநாளும் கவனிக்கவில்லை.

தம்பியின் வண்டி உருண்ட மலையைப் பற்றிக் கேட்டீர்கள். மலை இறக்கத்தில் பிரேக்கில் காலை வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். இரண்டாவது கியரில் போட்டு, வண்டியின் மொத்த கனத்தையும் இஞ்சின் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். "பிரேக்கு துரோகம் பண்ணும், இஞ்சினு பண்ணாது" என்பார். எனக்கும் தம்பிக்கும் அப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் வேறு விதமாக இறங்கத் தெரிந்தவர் கிடையாது. அப்படி இறங்கும்போது இஞ்சின் இறுகினால் அதோடு பின்சக்கரமும் இறுகும். வளைவில் பின்சக்கரம் நின்றால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. உடனே கிளட்சை மிதித்தால் சக்கரம் விடுபடும், தப்பித்துவிடலாம். எனக்குத் தெரியும். அவனுக்கு யோசிக்க ஒரு நொடிகூடக் கிடைத்திருக்காது. அந்த வளைவில் நீங்கள் பார்த்த டயர் கோடுகள் அதுதான். பிரேக் பிடித்த கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஏற்றத்திலேயே நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். புகை வரும், வழியில் நிற்பான், போன் போடுவான். கயிற்றோடு நான் போவேன். எல்லோரும் பார்க்க அவனை இழுத்துக்கொண்டு வந்து, சம்ப்பைக் கழற்றி, இதுதான் கோளாறு என்று காட்டுவேன். அப்பா என்னைப் பார்ப்பார். பெரும்பாலான நாட்களில் இதைத்தான் நினைத்தேன் என்று நம்புகிறேன். அப்படியானால் பல்பை ஏன் கழற்றினாய் என்று நீங்கள் இப்போது கேட்கப் போகிறீர்கள். எரிகிற விளக்கைப் பார்த்தால் அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருப்பான். வாசலில் நின்றால் யாருக்கு என்ன தெரியப்போகிறது.

நசுங்கிய வண்டியை நீங்கள் ஷெட்டுக்கு அனுப்பியதும் அப்பா முன்னால் நான்தான் சம்ப்பைக் கழற்றினேன். சல்லடையைக் காட்டினேன். ஆலைக் கரும்புச் சக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. முன்கதவு இருந்த ஓட்டை வழியாகத் தலையை விட்டு, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். வெறும் துளை. விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நான் தயாராக நின்றேன். அவர் கேட்டதெல்லாம், "சாப்டியாம்மா?" என்பதுதான். அப்புறம் நேராக இங்கே வந்து, எல்லாம் நான் செய்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் செய்யவில்லை என்று நேற்று நான் சொன்னதும், அப்படியானால் இது பாசம் என்றீர்கள். இருக்கலாம். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. இதைக்கூட என் பேரில் எழுத அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியாக அம்மா. தம்பியோடு அம்மாவும் அந்த வண்டியில் போனது எனக்குத் தெரியாது என்று அன்றைக்கு, இரண்டு உடல்களையும் காட்டியபோது, உங்களிடம் அழுதுகொண்டே சொன்னேன். அந்த அழுகை நிஜம்தான். சொன்னது நிஜமில்லை.

காலையில் நான் வண்டிக்குக் குறைந்த ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன். மலைக்கு அந்தப்பக்கம், ஷெட்டுக்கு லைட் போட்ட புதுப் பலகை செய்யக் கொடுக்கத் தம்பி கிளம்பிக்கொண்டிருந்தான். இஞ்சினை ஓடவிட்டு வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். இஞ்சினுக்குள் ஆயில் கிடைக்காமல் பேரிங் லேசாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. காது இருக்கிறவருக்குக் கேட்கும். அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எங்கம்மா?" என்றேன்.

"கத்தாத. அவன் காதுல விழப்போகுது" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். "வழியில நான் பேசறேன். எங்கிட்டன்னா கேப்பான். எழுதற எடத்துலயே நின்னு உன் பேரையும் சேர்த்து எழுதவெச்சிட்டுத்தான் வருவேன். உங்கப்பா அப்புறம் என்ன பண்ணிடுவாரு? மாட்டின பலகைய அவுத்துடுவாரா? நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

அவள் கையில் மஞ்சள் சோப்பு வாசனை வந்தது. என் கையில் ஆயில் இருந்தது. அவள் புடவையில் படாமல் கையை எடுத்துக்கொண்டேன். தம்பி வந்து உட்கார்ந்து கியர் போட்டான். "அக்கா, வரட்டா?" என்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேரிங் தட்டுது, இறங்கு என்றால் இறங்கியிருப்பான். இஞ்சின் சத்தம் விஷயத்தில் என் காதை அவன் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் தட்டுகிறது என்று கேட்பார்கள். கேட்டால் என் வேலைதான் மோசம் என்று ஆகிவிடும். பரவாயில்லை, பார்த்துப் போ என்றேன்.

அம்மா சாத்திய கதவு சரியாகப் படியவில்லை. வண்டி நகர்வதற்கு முன் இரண்டு எட்டு வைத்துப் போய், இடுப்பால் அழுத்தி நன்றாகச் சாத்தினேன். இழுத்தும் பார்த்தேன். கதவு சாத்தாத வண்டியை என் ஷெட்டிலிருந்து நான் அனுப்புவதில்லை. பிறகு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் போகிற திசைக்கு எதிர்த்திசையில் தெருவில் இறங்கி நடந்தேன்.